எழும்பூர் புனித ஆண்ட்ரூஸ் கிர்க்: அண்ணாந்து பார்க்க ஒரு கூரை

எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருந்தும் பலர் கவனிக்காத தேவாலயம் (‘கிர்க்’ என்றால் ஸ்காட்லாந்து வழக்கில் தேவாலயம்). 1821-ல் திறந்தது, கட்டியவர் பொறியாளர் தாமஸ் டி ஹாவிலண்ட். முன்மாதிரி லண்டனின் செயின்ட் மார்ட்டின் ஆலயம் என்றாலும், இங்கே வழிபாட்டு மண்டபம் வட்டம்.

அடியில் இருப்பது இளகிய மண். சாதாரண அஸ்திவாரம் போட்டால் கோபுர பாரத்தில் ஒரு பக்கம் இறங்கிவிடும். அதனால் நம்மூர் வழக்கப்படி கிணறு போன்ற உறைகளை மண்ணுக்குள் இறக்கி, அவற்றின்மேல் கட்டடத்தை எழுப்பினார்கள். இன்றும் நிற்கிறது!

உள்ளே 16 தூண்கள் நீல நிறக் குவிமாடத்தைத் தாங்குகின்றன. தூணைத் தொட்டுப் பாருங்கள்: சலவைக்கல் போல வழவழக்கும், ஆனால் சுண்ணாம்புப் பூச்சுதான். வெளியே பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது மட்டும் கோபுரமும் வட்ட மண்டபமும் ஒன்றுக்கொன்று பொருந்தாத மாதிரி தெரியும். ஞாயிறு காலை ஆராதனை நேரம், சுற்றிப் பார்க்க வேறு நாள் போங்கள்.