ரூபியா, டானியா? நூறு வெள்ளி போர்ட்டில் எது தேறும்

சுங்கை சிப்புட் கடையில் பீர், ஸ்டவுட் எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். போர்ட் ஒயின் இருக்கிறதா என்று கேட்டால், துறைமுகம் என்று நினைத்து "கிள்ளானுக்கா போறீங்க?" என்பார்கள். அதனால் ஈப்போ போன மச்சானிடம் சொல்லிவிட்டேன். போர்ட்டின் இரண்டு வகையான ரூபியில் ஒன்று, டானியில் ஒன்று என இரண்டு போத்தல் வாங்கி வந்தார். ஒவ்வொன்றும் நூறு வெள்ளியை ஒட்டிய விலை.

போர்ட் என்னவென்று புரிய, கள்ளை நினைத்துக்கொண்டால் போதும். காலையில் இறக்கிய கள் இனிக்கும், சாயங்காலம் புளித்து ஏறும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுகொண்டே போவதால் வரும் மாற்றம் அது. போர்த்துகலின் டோரோ பள்ளத்தாக்கில் திராட்சைச் சாறு பாதி நொதித்திருக்கும்போதே 77 சதவீத திராட்சைச் சாராயத்தை ஊற்றிவிடுகிறார்கள். ஈஸ்ட் அதோடு செத்துப்போகும். தின்னாமல் மிஞ்சிய சர்க்கரை அப்படியே நின்றுவிடும். போத்தலில் ஆல்கஹால் 19, 20 சதவீதம் என்று போட்டிருந்தும் பாயசம் மாதிரி இனிப்பது இதனால்தான். தோட்டத்துக் கள்ளுக்கடையில் காலம் தள்ளிய என் தாத்தா இந்த வித்தையைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

அதற்குப் பிறகுதான் இரண்டும் பிரிகின்றன. ரூபி பெரிய தொட்டிகளில் இரண்டு மூன்று வருடம், காற்று அதிகம் படாமல் இருக்கும். நிறமும் பழ வாசமும் போகாது. டானி சின்ன மரப்பீப்பாயில் கிடந்து, காற்று பட்டுப் பட்டு நிறம் வெளுத்து, கொட்டைப் பருப்பும் காய்ச்சிய சர்க்கரையுமாக மணக்கும். அதாவது, மணக்க வேண்டும். லேபிளில் 10 வருடம், 20 வருடம் என்று எதுவும் இல்லாத மலிவு டானி பெரும்பாலும் ரூபியின் வயதுதான். பீப்பாயில் பழுத்த நிறமில்லை அது, ஆரம்பத்திலேயே வெளிறிய நிறம். பெயரைப் பார்த்து ஏமாறும் இடம் இது.

முதல் நாள் இரண்டையும் அப்படியே ஊற்றியது என் தப்பு. நம் ஊர் 32 டிகிரியில் சாராய நெடிதான் முன்னால் வந்தது. "இருமல் மருந்து" என்று மச்சான் கண்ணாடிக் கிளாசைத் தள்ளிவிட்டார். சரி என்று அரைமணி நேரம் ஐஸ்பெட்டியில் வைத்து மறுபடி ஊற்றினேன். ரூபி நாவல்பழச் சாற்று நிறத்தில் கிளாசின் உள்பக்கம் மெதுவாக வழிந்தது. கறுப்புத் திராட்சை, நாவல், கொஞ்சம் மிளகு; தொண்டையில் ஒரு சின்ன சூடு. அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, பிள்ளை பெற்ற நேரத்தில் அம்மா கொடுத்த வின்கார்னிஸ் ஞாபகம் வருகிறது என்றார். தப்பில்லை, அதுவும் இனிப்பு ஒயின் வகைதான்.

டானி, பால் சேர்க்காத தே ஓ நிறத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். செங்கல் சிவப்பில்தான் இருந்தது. வாயில் மெலிசு, சீக்கிரம் மறைந்துவிட்டது. ஆனால் நெய் உருண்டையோடு குடித்தபோது ஆள் மாறிவிட்டது! வறுத்த பயறும் நெய்யும் அதற்கு இல்லாத பருப்பு வாசத்தைக் கடன் கொடுத்தன. ரூபிக்கு நெய் உருண்டை சேரவில்லை, கறுப்பு சாக்லெட் சேர்ந்தது. ஆட்டுக்கறி பிரட்டலோடு இரண்டுமே வேண்டாம். காரமும் சாராயமும் கைகோத்து நாக்கை எரித்துவிட்டன.

வைத்துக் குடிக்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. போன வருடம் பாதி ரூபியை அலமாரியில் மறந்து வைத்து, ஒரு மாதம் கழித்து எடுத்தால் வேகவைத்த திராட்சைத் தண்ணீர். இந்த முறை இரண்டையும் ஐஸ்பெட்டியிலேயே வைத்தேன். மூன்றாம் வாரம் ரூபியின் பழ வாசம் பாதி போயிருந்தது. டானி ஏறக்குறைய அப்படியே இருந்தது. இழப்பதற்கு அதனிடம் அதிகம் இல்லை என்றும் சொல்லலாம்.

அடுத்த வாரம் மச்சான் மறுபடி ஈப்போ போகிறார். ஒரு ரூபிக்கு மட்டும் காசு கொடுத்தேன்.

"டானி?"

"10 வருஷம்னு போட்டிருந்தா எடுங்க மச்சான், இல்லாட்டி அந்தக் காசுக்கு இன்னொரு ரூபி."