முழங்காலையும் கேட்டு வாங்க வேண்டிய பைக்: பழைய டுகாட்டி, குட்ஸி, அப்ரிலியா

இருபத்தைந்து வயதில் ஒரு பைக்கைப் பார்த்ததும் வாயில் வந்த முதல் கேள்வி, "எவ்வளவு போகும்?" அறுபதைத் தாண்டிய பிறகு என் கேள்வி மாறிவிட்டது: டாப்பெட் (வால்வு இடைவெளி) பார்க்க எத்தனை தடவை தரையில் உட்கார்ந்து எழ வேண்டும்? சிரிக்க வேண்டாம். பழைய இத்தாலிய ஸ்போர்ட் பைக்குகளுக்குள் குதிரைத்திறனில் இருக்கும் வித்தியாசத்தைவிட இந்தக் கேள்வியில் இருக்கும் வித்தியாசம் பெரியது.

இங்கே எடுத்துக்கொள்வது நான்கு. டுகாட்டி 916-உம் அதன் உடன்பிறப்புகளான 748, 996-உம் ஒரு வகை. காற்றில் குளிரும் டுகாட்டி 900 எஸ்எஸ் இரண்டாவது. அப்புறம் மோட்டோ குட்ஸி வி11, அப்ரிலியா ஆர்எஸ்வி மில்லே. எல்லாமே 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் வந்தவை, எல்லாமே இரண்டு சிலிண்டர்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு விஷயம். வயதாக ஆக நாம் ஓட்டுவது குறைகிறது, வண்டி நிற்பது கூடுகிறது. சர்வீஸ் கணக்கு கி.மீ.யிலும் உண்டு, மாதத்திலும் உண்டு. எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. இளைஞனுக்கு கி.மீ. முந்தும், நமக்கு மாதம் முந்தும். ஓடாமல் நின்றாலும் ரப்பர் முதிரும், பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளில் பெட்ரோல் பிசின்போல் காயும். "கொஞ்சம்தான் ஓடியிருக்கிறது" என்று விற்பவர் பெருமையாகச் சொல்வதைக் கேட்டதும் மகிழ்ந்துவிட வேண்டாம். வருடக்கணக்கில் நின்ற வண்டியைவிட, ஒழுங்காக ஓடி ஒழுங்காக சர்வீஸ் ஆன 50,000 கி.மீ. வண்டியை நான் நம்புவேன்.

916: கண்ணுக்கு விருந்து, கைக்கு வேலை

1994-இல் விற்பனைக்கு வந்த 916-ஐ வரைந்தவர் மாசிமோ தம்புரினி. சீட்டுக்கு அடியில் இரட்டை சைலென்சர், பின்சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் தாங்கும் ஆர்ம், ஒடுங்கிய முகம். முப்பது வருடம் கழித்தும் நிறுத்தி வைத்த இடத்தில் அது மற்ற வண்டிகளைச் சும்மா ஆக்கிவிடுகிறது. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

சரி, உள்ளே போவோம். டுகாட்டியில் வால்வை மூடுவதற்கு வழக்கமான ஸ்பிரிங்கை நம்புவதில்லை. திறக்க ஒரு ராக்கர் (வால்வை நகர்த்தும் சிறு நெம்புகோல்), மூட இன்னொரு ராக்கர். டெஸ்மோ என்று பெயர். ஃபாபியோ தாலியோனி 1950களில் பந்தய வண்டிக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு இது. ஆகவே ஒவ்வொரு வால்வுக்கும் இரண்டு இடைவெளி பார்க்க வேண்டும்: திறக்கும் பக்கம் ஒன்று, மூடும் பக்கம் ஒன்று. 916-இல் எட்டு வால்வு, அப்படியென்றால் பதினாறு அளவு. எல்லாம் ஷிம், அதாவது இடைவெளியைச் சரிசெய்யப் போடும் சிறு உலோகத் துண்டு. அளவு தவறினால் கழற்றி, மைக்ரோமீட்டரில் அளந்து, வேறு ஷிம் போட்டு, மறுபடி அளக்க வேண்டும். மூடும் ஷிம்மைப் பிடித்திருக்கும் அரை வளையங்கள் குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம்தான் பெரியவை. ஒன்று கையிலிருந்து நழுவினால், அது இன்ஜினுக்குள் விழுந்ததா, தரையில் உருண்டதா என்று தெரியும்வரை நெஞ்சு அடித்துக்கொள்ளும். துளைகளில் துணி அடைத்துவிட்டுத்தான் அந்த வேலையில் இறங்க வேண்டும். மூக்குக் கண்ணாடி இல்லாமல் இறங்கவே கூடாது.

அங்கே போய்ச் சேரும் வழியும் நீளம். ஃபேரிங், டாங்க், ஏர்பாக்ஸ், பேட்டரி என்று ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். படுத்திருக்கும் முன் சிலிண்டருக்கு ரேடியேட்டரை நகர்த்த வேண்டும், நின்றிருக்கும் பின் சிலிண்டருக்கு நாம் குனிய வேண்டும். இத்தனையும் செய்து திறந்தால், ராக்கரின் மேல் பூசிய குரோம் செதிலாக உரிந்திருக்கலாம். இந்தத் தலைமுறை நான்கு வால்வு டுகாட்டிகளில் அது தெரிந்த நோய். வாங்கும் முன் ராக்கரைத் திறந்து பார்த்த ரசீதோ படமோ இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

வால்வுகளை இயக்கும் கேம் தண்டு ஓடுவது பல் பெல்ட்டில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம், ஓடினாலும் ஓடாவிட்டாலும். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும்; அப்புறம் பேச ஒன்றும் இல்லை.

உடம்புக்கு வருவோம். கிளிப்-ஆன் (இரண்டு தனித் துண்டாக உள்ள ஹேண்டில்) தாழ்வு, எடை முழுக்க மணிக்கட்டில். வேகமாகப் போகும்போது காற்று நெஞ்சைத் தாங்கும். நெரிசலில் யார் தாங்குவது? ஹேண்டில் திரும்பும் கோணமும் குறைவு. குறுகிய இடத்தில் திருப்பினால் கட்டைவிரல் ஃபேரிங்கில் நசுங்கும். சைலென்சரின் சூடு நேராக உட்காரும் இடத்துக்கு. பழைய டுகாட்டிகளின் சைடு ஸ்டாண்டு, பாரம் விலகியதும் தானாக மடங்கும் வகை. வண்டி கொஞ்சம் நிமிர்ந்தால் போதும், ஸ்டாண்டு காணாமல் போய்விடும். முழங்கால் சரியில்லாதவர், விழப்போகும் 200 கிலோவைத் தாவிப் பிடிக்கும் வயதில் இல்லை. தானாக மடங்காத மாற்று ஸ்டாண்டு கிடைக்கிறது. 916 வாங்குபவருக்கு என் முதல் யோசனை அதுதான். எக்ஸாஸ்ட் மாற்றுவதெல்லாம் பிறகு.

900 எஸ்எஸ்: அதே குடும்பம், பாதி வேலை

904 சிசி, தண்ணீர் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டருக்கு இரண்டு வால்வு, மொத்தம் நான்கு. டெஸ்மோ என்பதால் எட்டு அளவு. 916-இன் கணக்கில் சரிபாதி. டாங்க்கின் முன்பக்கக் கொக்கியை விடுவித்துத் தூக்கி நிறுத்தலாம். பெல்ட்டும் கண்ணெதிரே இருக்கிறது. பொறுமைக்காரர் ஒருவர் ஒரு வார இறுதியில் முடித்துவிடுவார்.

குதிரைத்திறன் 80-ஐ ஒட்டித்தான், 916-க்கு 110. அந்த முப்பது போனதில் எனக்கு வருத்தமில்லை. கீழிருந்தே இழுக்கும் இன்ஜின், வளைவுகளில் கியர் மாற்றும் வேலையைக் குறைக்கிறது. கிளிப்-ஆன் 916 அளவுக்குத் தாழ்வில்லை, வண்டியும் சுமார் 10 கிலோ லேசு.

குறைகளும் உண்டு. 1990களின் தொடக்கத்து ஃபிரேம்களில் ஹேண்டில் கழுத்துப் பக்கம் விரிசல் விடுவது தெரிந்த விஷயம். டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சிலிண்டரைப் பிடித்திருக்கும் நீள ஸ்டட்டுகள் சிலவற்றில் உடைந்திருக்கின்றன. 1998 வரைக்கும் கார்புரேட்டர். நிற்கிற வண்டிக்குக் கார்புரேட்டர் ஆகாது, ஆனால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய லேப்டாப் வேண்டாம். அதற்குப் பிறகு வந்த இன்ஜெக்ஷன் மாடலின் உருவத்தைப் பலர் குறை சொல்வார்கள். குளிரில் முதல் சொடுக்கில் கிளம்பும்போது அழகு மறந்துவிடும்.

இரண்டு டுகாட்டியிலும் டிரை கிளட்ச் (ஆயிலில் நனையாத கிளட்ச்), கலகலவென்று சத்தம் போடும். அதில் ஒரு நன்மை: வெளி மூடியைக் கழற்றினால் தட்டுகள் நேராகக் கைக்கு வரும். ஆயில் வடிக்க வேண்டாம், குனிய வேண்டாம், ஸ்டூலில் உட்கார்ந்தபடியே மாற்றலாம். லீவர் கடினமாக இருந்தால், கிளட்ச்சைத் தள்ளிவிடும் ஸ்லேவ் சிலிண்டரை விட்டம் கூடியதாக மாற்றினால் இடது கைக்கு நிம்மதி. கட்டைவிரல் மூட்டில் வலி உள்ளவர்களுக்கு இது மருந்துக்குச் சமம்.

வி11: ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செய்யும் வேலை

குட்ஸியின் இன்ஜினைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இரண்டு சிலிண்டரும் இருபக்கமும் காதுபோல் நீட்டிக்கொண்டு இருக்கும். நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரைத் திருகினால் வண்டியே பக்கவாட்டில் ஒரு ஆட்டம் ஆடும். முதல் தடவை பயம், அப்புறம் பிரியம்.

அந்தக் காதுகள்தான் நமக்கு வசதி. டாங்க்கைத் தொட வேண்டாம், ஃபேரிங்கைத் தொட வேண்டாம். வண்டிக்கு இடப்பக்கம் ஸ்டூல், மூடியைக் கழற்று, ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடு, லாக்நட்டைத் தளர்த்தி ஸ்குரூவைத் திருப்பு. எழுந்து வலப்பக்கம் போ, அதையே செய். மொத்தம் நான்கு அளவு. ஷிம் இல்லை, மைக்ரோமீட்டர் இல்லை, உருண்டோடும் அரை வளையம் இல்லை. வால்வு உள்ளே மூடிக் கிடக்காததால், அடிக்கடி பார்க்கச் சொன்னாலும் சலிப்பு வருவதில்லை. கேமுக்குப் பெல்ட் கிடையாது. பின்சக்கரத்துக்குச் செயின் கிடையாது, ஷாஃப்ட். செயினைத் துடைத்து எண்ணெய் போடத் தரையில் மண்டியிடும் வேலை வாழ்க்கையிலிருந்தே போய்விடுகிறது.

இப்படிச் சொன்னால் நான் குட்ஸி விற்பவன் என்று நினைப்பீர்கள். மறுபக்கமும் கேளுங்கள். டுகாட்டியில் ஒரு மணி நேரத்தில் மாறும் கிளட்ச், இதில் இன்ஜினும் கியர்பாக்ஸும் பிரிந்தால்தான் மாறும். அது ஒருவர் தனியாகச் செய்யும் வேலை அல்ல. ஆயில் ஃபில்டர் இன்ஜினின் அடித்தொட்டிக்குள் இருக்கிறது. அதற்குக் கீழே போய்த்தான் ஆக வேண்டும். முதல் வருடங்களின் ஆறு கியர் பெட்டியில் கியர் மாற்றும் சிறு ஸ்பிரிங் ஒன்று உடைவது உண்டு; உடைந்தால் இருக்கும் கியரிலேயே வீடு வர வேண்டியதுதான். பக்கவாட்டு மூடியைத் திறந்தே அதை மாற்றலாம் என்பது ஆறுதல். ரிலேக்கள் சொதப்பும், இரண்டு கூடுதலாகச் சீட்டடியில் போட்டுவைக்கலாம். ஷாஃப்டின் மூட்டுகளுக்குக் கிரீஸ் அடிக்க மறந்துவிடக் கூடாது.

எடை சுமார் 220 கிலோ, அதுவும் பெட்ரோல் ஊற்றாமல். தள்ளும்போது ஒவ்வொரு கிலோவும் தெரியும். டாங்க் நீளம் என்பதால் கையும் எட்டி நீள வேண்டும். இடுப்பு வலிக்காரர் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

மில்லே: யாரும் சொல்லாத விடை

1998-இல் வந்த மில்லேயை அழகுப் போட்டிக்கு யாரும் அனுப்பவில்லை. அதன் இன்ஜினைச் செய்தது ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ். 998 சிசி, சிலிண்டர்களுக்கு இடையே 60 டிகிரி கோணம், சுமார் 128 குதிரைத்திறன். கேம் ஓடுவது செயினிலும் கியரிலும். இரண்டு வருடத்துக்கொரு முறை பெல்ட் என்ற கவலையே இல்லை. வால்வு பார்ப்பது சுமார் 20,000 கி.மீ.க்கு ஒருமுறை. வருடத்துக்கு 2,000 கி.மீ. ஓட்டுபவருக்கு அது பத்து வருடம்! காலண்டர் கணக்கில் நான்கில் இதுதான் முதலிடம்.

நோய்கள் இதற்கும் உண்டு. ஆனால் எல்லாமே பெயர் தெரிந்த நோய்கள், மருந்தும் தெரிந்தவை. ஜெனரேட்டரிலிருந்து வரும் பழுப்பு நிறக் கப்ளர் சூட்டில் உருகும். அதை வெட்டிவிட்டு நல்ல இணைப்பாகப் போட வேண்டும். கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் கசியும். பின் பிரேக் பெயருக்குத்தான் இருக்கும். பேட்டரி பலவீனமாக இருக்கும்போது செல்ஃபை அமுக்கிக்கொண்டே இருந்தால், ஸ்டார்ட்டரின் ஒருவழி கிளட்ச் பழுதாகும். அதாவது பேட்டரியை எப்போதும் சார்ஜரில் வைத்திருக்கும் ஒழுங்குக்காரருக்கு இது பிரச்சினை தராது, மறதிக்காரருக்குத் தரும்.

உட்காரும் நிலை பந்தயம்தான், ஆனால் கால் மடங்க 916-ஐவிட இடம் இருக்கிறது. சீட் உயரம், பின்பக்கம் இன்னும் உயரம். காலைத் தூக்கிப் போடும்போது இடுப்பு மூட்டு பேசும். அதே இன்ஜினோடு கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும் ஃபால்கோ இருக்கிறது. என்னைக் கேட்டால் நம் வயதுக்கு மில்லேயைவிட அதுதான் சரி.

எட்டிப்பார்த்த மற்றவை

எம்வி அகுஸ்டா எஃப்4 750-ஐ வரைந்ததும் தம்புரினிதான். நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு, தொடையைச் சுடும் இன்ஜின். பார்க்க ஆசை, வைத்திருக்க ஆசையில்லை. லவர்டா ஜோட்டாவின் கிளட்ச்சைப் பிடிக்க இரும்புக் கை வேண்டும், உதிரிபாகத்துக்குத் தனி நிபுணர்களை நம்ப வேண்டும். டுகாட்டி ஆசை விடாமல் மணிக்கட்டு மட்டும் மறுத்தால், எஸ்டி2-வைப் பாருங்கள்: இரண்டு வால்வு இன்ஜின், உயர்ந்த ஹேண்டில், யாரும் திரும்பிப் பார்க்காத உருவம், அதனாலேயே நியாயமான விலை.

என் தீர்ப்பு

வேலையைத் தானே செய்வதில் சந்தோஷப்படுபவர், முழங்கால் மடங்க மறுப்பவர்: வி11. வேலையே வேண்டாம், சாவியைத் திருகினால் கிளம்ப வேண்டும், பேட்டரியைப் பார்த்துக்கொள்வேன் என்பவர்: ஃபால்கோ அல்லது மில்லே. டுகாட்டிதான் வேண்டும் என்றால் 900 எஸ்எஸ். அதில் கூடுதலாக மிச்சமாகும் ஞாயிற்றுக்கிழமைகளை ஓட்டுவதற்குச் செலவழிக்கலாம். 916-ஐ வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம்பகமான டெஸ்மோ மெக்கானிக் பக்கத்திலேயே இருந்து, அவர் உங்களைவிட இளையவராகவும் இருந்தால் வாங்குங்கள். அவர் உங்களுக்கு முன்பே ஓய்வு பெற்றால் உங்களுக்கு வேறு வழி இருக்காது.

எதைப் பார்க்கப் போனாலும் மூக்குக் கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துப் போங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். 1408 என்றால் 2008-இன் பதினான்காவது வாரம். அந்த எண் அவ்வளவு பழையதாக இருந்தால், பெல்ட்டும் பிரேக் ஆயிலும் டாங்க்குக்குள் இருக்கும் பெட்ரோல் குழாயும் அதே வயதுதான் என்று வைத்துக்கொண்டு பேரத்தை ஆரம்பியுங்கள்.