இறால் ஃப்ரீசருக்குப் போகும்போது: தண்ணீர் டப்பாவா, ஜிப் கவரா?

ஞாயிற்றுக்கிழமை இறால் மலிவாகக் கிடைத்தால் இரண்டு கிலோ வாங்கிவிடுவோம். அரைக் கிலோ அன்றைய தொக்குக்கு, மிச்சம் ஃப்ரீசருக்கு. எப்படி வைப்பது என்பதில்தான் வீட்டில் இரண்டு கட்சி. உரித்த இறாலை டப்பாவில் போட்டு, மூழ்கத் தண்ணீர் ஊற்றி உறைய வைப்பது அம்மா கட்சி. நான் ஜிப் கவர் கட்சி.

அம்மா முறையில் விஷயம் இருக்கிறது. ஃப்ரீசரில் இறாலைப் பாழாக்குவது காற்று. உறைந்த சதையின் ஈரம் அப்படியே ஆவியாகிப் போய், ஓரமெல்லாம் வெளுத்துச் சக்கையாகிவிடும். சுற்றிலும் ஐஸ் இருந்தால் காற்று தொடாது. கரண்ட் போனாலும் கட்டி சீக்கிரம் இளகாது. டப்பாவில் விளிம்புவரை மட்டும் ஊற்றக் கூடாது. தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பெருக்கும், மூடி கிளம்பிவிடும்.

சிக்கல் வெளியே எடுக்கும்போது. உள்ளங்கையளவு இறால் போதும் என்றாலும் முழுக் கட்டியையும் இளக்க வேண்டும். மேடையில் வைத்தால், நடுவில் ஐஸ் இருக்கும்போதே வெளிப்பக்க இறால் நம்மூர் வெயிலுக்குச் சூடேறிவிடும். உறைநிலை கிருமியைக் கொல்வதில்லை, தூங்கத்தான் வைக்கிறது. 5 டிகிரியைத் தாண்டினால் அது மறுபடி பெருகத் தொடங்கும். மிச்சத்தைத் திரும்ப ஃப்ரீசரில் தள்ளுவது அடுத்த தப்பு. டப்பாதான் வேண்டுமென்றால் முதல்நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், அடியில் ஒரு தட்டோடு வைத்துவிடுங்கள்.

கவரில் இந்தத் தொல்லை இல்லை. ஒருவேளைக்கு 250 கிராம் வீதம் போட்டு, விரல் தடிமனுக்குத் தட்டையாகப் பரப்பினால் சீக்கிரம் உறையும். மெதுவாக உறைந்தால் ஐஸ் துகள்கள் பெரிதாகிச் சதையைக் கிழித்துவிடும். இளகும்போது சாறு வடியும். காற்றை வெளியேற்ற, கவரை வாய்வரை ஒரு பாத்திரத் தண்ணீரில் அமுக்கி மூடினால் போதும். எடுக்கும்போது மூடியபடியே குளிர்ந்த தண்ணீரில் போட்டால் அரைமணியில் தயார். குறை என்றால், தலையோடு வைத்த இறாலின் கொம்பும் மீன் துடுப்பின் முள்ளும் கவரைக் குத்திவிடும். கடைக்காரர் தரும் மெல்லிய கேரி பேக் இதற்கு ஆகவே ஆகாது.

வாரம் ஒருமுறை எடுத்துச் சமைப்பவர்களுக்குக் கவர்தான். இரண்டு மாதம் தொடாமல் கிடக்கப்போவது என்றால் அம்மா சொல்வதுதான் சரி, அதுவும் சின்னச் சின்ன டப்பாக்களில். இரண்டுக்கும் ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். ஃப்ரீசர் கதவில் நட்சத்திரக் குறி இருந்தால் எண்ணிப் பாருங்கள்: மூன்று இருந்தால்தான் மைனஸ் 18, ஒன்று என்றால் மைனஸ் 6தான்.

அயிலை, சூரை வாங்கும்போது மட்டும் கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேரும்; அலர்ஜிபோல் அரிப்பும் தடிப்பும் தரும் பொருள் அது. மீனை உறைய வைத்தாலும் அது போகாது, பொரித்தாலும் போகாது.