பெங்களூரில் ஃபயர் பிரிக் வாங்குகிறவர்கள் ஒரு கல்லை உடைத்துப் பார்த்து வாங்குங்கள்

காமாட்சிபாளையாவில் சின்னதாகப் பித்தளை வார்ப்புப் பட்டறை வைத்திருக்கிறோம். உலைச் சுவரைப் புதிதாகக் கட்ட ஃபயர் பிரிக், அதாவது கடும் சூடு தாங்கும் உலைக்கல், தேவைப்பட்டது. மாகடி ரோடு பக்கம் ஒரு வியாபாரி, நம் தமிழர்தான், "உள்ளூர் மண்ணுல நாங்களே சுட்டது அண்ணா, ஐஎஸ் 8 தரம், 1400 டிகிரி தாங்கும்" என்று சொல்லி ஒரு லோடு இறக்கினார். ஐஎஸ் 8 என்பது அதிகச் சூடு தாங்கும் உலைக்கல்லுக்கான இந்தியத் தர எண். வெளிர் மஞ்சளாக, 9 அங்குல நீளத்தில், கல் பார்வைக்கு நன்றாகவே இருந்தது.

சில நாளிலேயே பர்னர் தீ நேரே படும் பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கி வழியத் தொடங்கியது. அடிக்கல் இளகி, பித்தளையை உருக்கும் பாத்திரமான மூசையோடு ஒட்டிக்கொண்டது. பெயர்த்தபோது மூசை விரிசல் விட்டது. உள்ளே உருகிய பித்தளை இருக்கும்போது அது உடைந்திருந்தால்? பக்கத்தில் நிற்கும் ஆட்களின் கால்களை நினைத்தால் இன்னும் கோபம் அடங்கவில்லை.

மிச்சக் கல்லைச் சுத்தியலால் உடைத்தோம். உள்ளே முழுக்கச் சிவப்பு! வீடு கட்டும் செங்கல் மண். மேலே மட்டும் வெள்ளைக் களிமண்ணைக் கரைத்துப் பூசிச் சுட்டிருக்கிறார்கள். சிவப்புக்குக் காரணம் இரும்பு. இரும்பும் சுண்ணாம்பும் சேர்ந்த மண் சீக்கிரம் இளகும். அலுமினா (அலுமினிய ஆக்சைடு) அதிகமாகவும் இரும்பு குறைவாகவும் உள்ள சுத்தமான வெள்ளைக் களிமண்தான் 1700 டிகிரி தாண்டியும் நிற்கும். பித்தளை 950 டிகிரிக்குள் உருகிவிடும், சரி. ஆனால் தீ படும் சுவர் அதைவிட நிறையச் சூடாகும்.

உள்ளூர் மண் மட்டம் என்று சொல்லவில்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியோடு கிடைக்கும் வெள்ளைக் களிமண்ணும் உள்ளூர் மண்தான். விருத்தாசலத்துப் பீங்கான் தொழில் அதை வைத்துத்தான் நடக்கிறது. அந்த மாதிரி மண்ணோடு, ஏற்கெனவே சுட்டு இடித்த களிமண் மணிகளையும் (குரோக்) கலந்தால்தான் கல் அதிகம் சுருங்காது, வெடிக்காது. இவர் கல்லின் உடைந்த முகத்தில் கரகரப்பான மணி ஒன்றுகூட இல்லை.

கேட்கப் போனால், "உங்க பர்னர்தான் சரியில்ல" என்றார். பில்லில் வெறும் 'பிரிக்ஸ்' என்றுதான் இருக்கிறது. அதனால் தரத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அலுமினா, இரும்பு எத்தனை சதவீதம் என்ற லேப் ரிப்போர்ட்டும் கேளுங்கள். அப்புறம் ஒரு கல்லைப் பழைய உலையில் தீ படும் இடத்தில் வைத்து, முழுச் சூட்டில் நாள் முழுக்க விடுங்கள். முனை மழுங்கினால் அந்த லோடே வேண்டாம்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறோம். தொழிலுக்கு வாங்கியது செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் அதற்கென்றே வாங்கினால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அவரும் நுகர்வோர்தான். பணம் இன்னும் வரவில்லை. பீன்யா பக்கமும் இதே கல் போயிருக்கிறது. தெரிந்த பட்டறைகளுக்கு நேரில் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.