அருங்காட்சியகப் பொருளில் பதிவெண்ணை ஒட்டுவதா, கட்டுவதா, எழுதுவதா?

ஊர் அருங்காட்சியகத்துக்குப் பொருள்கள் வரத் தொடங்கியதும் தன்னார்வலர்கள் முதலில் வாங்குவது ஸ்டிக்கர் தாள்தான். பதிவேட்டில் 2025.4.12 (ஆண்டு, அந்த ஆண்டின் 4-வது கொடை, அதில் 12-வது பொருள்) என்று குறித்து அதையே ஒட்டிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் வெயிலில் பசை இளகி, ஓரம் சுருண்டு, ஸ்டிக்கர் விழுந்துவிடும்; பசை மட்டும் மஞ்சள் கறையாகப் பொருளில் தங்கும். எண் தொலைந்த பானை ஓடு எந்த மேட்டில் கிடைத்தது, யார் கொடுத்தது என்பதும் அதோடு தொலைந்தது. மைதா பசையில் ஒட்டினால் ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் தீனி. பெட்டிக்கும் அலமாரிக்கும் ஒட்டலாம், பொருளுக்கு வேண்டாம்.

கலப்பை, பூட்டு, விளக்கு, ஓலைச்சுவடி இவற்றுக்கெல்லாம் நூலில் கட்டும் அட்டையே சரி. பருத்தி நூல், கெட்டி அட்டை, பென்சில் எழுத்து போதும். கம்பியும் ஸ்டேப்ளர் பின்னும் துருக்கறை வைக்கும். சுவடியின் துளையில் கோக்காமல், சுற்றிய துணியின் மேல் கட்டுங்கள். யாராவது இழுத்து அறுத்தால் எண் போய்விடும், அதுதான் இதன் பலவீனம்.

பானை ஓட்டுக்கும் சுடுமண்ணுக்கும் எழுதுவதே நிலைக்கும், கொஞ்சம் பொறுமை வேண்டும். நேரடியாக எழுதினால் மை மண்ணுக்குள் இறங்கிவிடும். பிறகு எடுக்கவே முடியாது. அதனால் முதலில் ஓர் அடிப்பூச்சு வேண்டும்: 100 மில்லி அசிட்டோனுக்கு 20 கிராம் பாரலாய்ட் பி-72 (நிறமற்ற அக்ரிலிக் பிசின்) மணிகள். மணிகளை மெல்லிய துணியில் முடிந்து கண்ணாடி ஜாடிக்குள் இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். அப்படியே கொட்டினால் அடியில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். எண் அடங்கும் அளவுக்கு மட்டும் பூசி, காய்ந்தபின் இந்தியன் இங்க்கில் (கரி மை) எழுதி, மை நன்றாக உலர்ந்ததும் மேலே ஒரே இழுப்பில் இன்னொரு பூச்சு. இரண்டாம் முறை தூரிகையை ஓட்டினால் அசிட்டோன் அடிப்பூச்சைக் கரைத்து எழுத்தைக் கலைத்துவிடும். ஓட்டின் உள்பக்கத்தில் எழுதுங்கள். ஓட்டில் கீறியிருக்கும் பழைய குறியீட்டின் மேலும் உடைந்த விளிம்பிலும் வேண்டாம், விளிம்பில் பூசினால் பிறகு துண்டுகள் பொருந்தாது. எண்ணை மாற்ற அசிட்டோன் நனைத்த பஞ்சு போதும். பலர் கைவைக்கும் நெயில் பாலிஷ் நாளடைவில் மஞ்சளாகி உரிந்துவிடும். பி-72 சுமார் 40 டிகிரி செல்சியஸில் இளகும் என்பதால் தகரக் கூரை அறையில் ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கக் கூடாது.

ஆள் குறைவென்றால் எல்லாவற்றுக்கும் முதலில் அட்டை கட்டிவிட்டு, ஓடுகளுக்கு நிதானமாக எழுதலாம். பிளாஸ்டிக் பொருளில் மட்டும் அசிட்டோன் படவே கூடாது, பல வகை பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். பழங்காசுக்கு மூன்றுமே ஆகாது: தனித்தனிக் காகித உறையில் போட்டு, எண்ணை உறையில் எழுதுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறையில் செப்புக்காசு பச்சை பிடிக்கும்.