ஓரியன் 30 அம்பியர் சார்ஜர்: வண்டியிலிருந்து கரவன் பற்றரிக்கு மின் ஏறாவிட்டால் எங்கே பார்ப்பது

வண்டி ஓடும்போதே பின்னால் இழுக்கும் கரவனின் பற்றரியையும் ஏற்ற விரும்புபவர்கள் முதலில் தேடும் பெயர்களில் ஒன்று விக்ட்ரான் ஓரியன்-டிஆர் ஸ்மார்ட் 12/12-30. வண்டியின் 12 வோல்ட்டை வாங்கி, கரவனின் 12 வோல்ட் பற்றரிக்கு 30 அம்பியர் தரும் பெட்டி. நல்ல சார்ஜர்தான். ஆனால் பெட்டியை மட்டும் வாங்கிப் பழைய வயரிலேயே பூட்டினால் காசு வீண். "ஏற்றவில்லை" என்று இதைக் கழற்றி வைக்கும் இடங்களில் பழுது பெரும்பாலும் பெட்டிக்கு வெளியேதான் இருக்கும்.

முதலில் இது தரும் பலன். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வழியாக அறுகம்பேக்கு நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். கரவனை இழுத்துக்கொண்டு போனால் இரண்டரை மணித்தியாலம் வைத்துக்கொள்ளலாம். 30 அம்பியர் தடையில்லாமல் ஏறினால் 75 அம்பியர்-மணி. 100 அம்பியர்-மணி லித்தியம் இரும்பு பொஸ்பேட் பற்றரி ஒன்றின் முக்கால்வாசி அது. சிறிய 12 வோல்ட் கம்பிரசர் பிரிட்ஜையும் விளக்குகளையும் ஒரு நாளுக்கு மேல் தாங்கும். ஈய அமிலப் பற்றரியில் இதே கணக்கை எதிர்பார்க்கக் கூடாது. 80 சதவீதத்தைத் தாண்டியதும் அது வாங்கும் மின்னோட்டம் தானாகக் குறைந்துவிடும்.

இனி வயர். டபிள் கெப் ஒன்றின் என்ஜின் பக்கத்திலிருந்து கரவனுக்குள் இருக்கும் பற்றரிவரை 8 மீற்றர் என்று எடுத்தால், போகவும் வரவும் 16 மீற்றர் செம்பு. இந்தச் சார்ஜர் முழு வேகத்தில் 430 வோட் வரை கொடுக்கும். திறன் ஏறக்குறைய 87 சதவீதம். ஆகவே உள்ளே இழுப்பது 38 அம்பியருக்குக் கிட்ட. வீட்டு வயரிங்கில் பாவிக்கும் 7/0.85 வயரை, அதாவது 4 சதுர மில்லிமீற்றரை, இதற்குப் போட்டால் வயரிலேயே 2.6 வோல்ட் போய்விடும். என்ஜினோடு சுழன்று மின் தரும் ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட் கொடுத்தாலும் பெட்டிக்கு வந்து சேர்வது 11.6. 10 சதுர மில்லிமீற்றர் போட்டால் 13.15. 16 போட்டால் 13.5க்கு மேல் நிற்கும்.

இந்த 13.15 என்ற எண்ணில்தான் பெரும்பாலான தலையிடி. என்ஜின் ஓடுகிறதா என்பதைச் சார்ஜர் தன் உள்ளீட்டு வோல்ட்டை வைத்தே ஊகிக்கிறது. தொழிற்சாலை அமைப்பில் 14.0 வந்தால் உடனே தொடங்கும், 13.3 நிலைத்து நின்றால் சற்றுத் தாமதித்துத் தொடங்கும், 13.1க்குக் கீழே போனால் என்ஜின் நின்றுவிட்டது என்று நினைத்து நிறுத்தும். வயர் மெல்லியதாக இருந்தால் ஏற்றத் தொடங்கியதும் வோல்ட் விழும், பெட்டி நிற்கும், நின்றதும் வோல்ட் மீண்டும் ஏறும், பெட்டி மறுபடி தொடங்கும். இப்படியே பயணம் முழுக்க. கைபேசிச் செயலியில் ஏற்றுவதாகவும் "ஓஃப்" என்றும் மாறி மாறிக் காட்டினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வயரையே. 13.1 என்ற எல்லையைச் செயலியில் குறைத்துவிட்டு நிம்மதியடைவது சரியான வைத்தியம் அல்ல. நின்ற வண்டியின் ஸ்டார்டர் பற்றரியை அது இறக்கிவிடக்கூடும்.

ஆல்டர்னேட்டரின் வோல்ட்டை கணினியே ஏற்றி இறக்கும் புதிய வண்டிகளில் கதை வேறு. அங்கே வயர் தடிப்பாக இருந்தாலும் வோல்ட் 12.5 அளவுக்கு இறங்கும். அதற்கு இக்னிஷன் போட்டால் மட்டும் மின் வரும் வயர் ஒன்றைச் சார்ஜரின் ரிமோட் கனெக்டருக்குக் கொடுத்து, என்ஜின் ஓடுகிறது என்று நேரடியாகச் சொல்லிவிட வேண்டும். எந்தப் பின்னுக்கு என்பதைக் கையேட்டுப் படத்தைப் பார்த்தே செய்யுங்கள்.

சோதிக்கும்போது சுமை இல்லாமல் அளப்பதுதான் பலரை ஏமாற்றுகிறது. எவ்வளவு மெல்லிய வயரிலும், துருப்பிடித்த முனையிலும், மின்னோட்டம் ஓடாதபோது மல்டிமீட்டர் 14 என்றே காட்டும். கரவன் பற்றரியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, என்ஜினை 1500 சுற்று அளவில் ஓடவிட்டு, சார்ஜர் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். ஸ்டார்டர் பற்றரியின் முனைகளில் ஒருமுறை, இணைப்புப் பிளக்கின் கரவன் பக்கத்தில் ஒருமுறை, சார்ஜரின் உள்ளீட்டு முனைகளில் ஒருமுறை. எந்த இரண்டுக்கும் இடையில் அதிகம் விழுகிறதோ அந்தத் துண்டில்தான் குறை. பிறகு ஸ்டார்டர் பற்றரியின் நெகட்டிவ்வுக்கும் சார்ஜரின் உள்ளீட்டு நெகட்டிவ்வுக்கும் இடையில் நீண்ட வயர் ஒன்றால் அளந்து பாருங்கள். 16 சதுர மில்லிமீற்றர் வயரிலும் 0.4 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பக்கம் சரியில்லை. கொக்கிப் பந்தையும் வண்டிச் சட்டத்தையும் எர்த்தாக நம்பிய கரவன்களில் இது சாதாரணம். நெகட்டிவ்வுக்கும் பொசிட்டிவ்வுக்குச் சமமான தடிப்பில் தனி வயர் வேண்டும்.

பிளக்கும் முக்கியம். ஐரோப்பியக் கரவன்களில் வரும் 13 பின் பிளக்கில் 9ஆவது பின் நிரந்தர மின், அதன் எர்த் 13ஆவது. 10ஆவது இக்னிஷனோடு வரும் மின், அதன் எர்த் 11ஆவது. அந்தப் பின்களுக்கு வரும் வயர் வழக்கமாக 2.5 சதுர மில்லிமீற்றர்தான். 38 அம்பியரை அதில் ஓடவிட்டால் பிளக் உருகும். நம்மூரில் செய்த ட்ரெய்லர்களில் உள்ள 7 பின் பிளக்கோ பெரும்பாலும் விளக்குகளுக்கு மட்டுமே. சார்ஜருக்குத் தனியாக, பெரிய மின்னோட்டத்துக்கென்றே உள்ள 50 அம்பியர் அன்டர்சன் பிளக் போடுங்கள். ஸ்டார்டர் பற்றரியை விட்டு ஒரு சாணுக்குள் 60 அம்பியர் பியூஸ், கரவன் பற்றரியின் பக்கத்திலும் இன்னொன்று. 16 சதுர மில்லிமீற்றர் வாகன வயர் கிடைக்காவிட்டால் ஹார்ட்வெயார் கடைகளில் வெட்டி விற்கும் செம்பு வெல்டிங் கேபிள் நன்றாக உதவும். இழைகள் மெல்லியவை, வளையும். வயர் நுனியில் பூட்டும் லக்குகளைச் சுத்தியலால் தட்டி நசுக்காமல் ஹைட்ரோலிக் கிரிம்பரால் அழுத்த வேண்டும். பாசிக்குடாவிலோ அறுகம்பேயிலோ கடற்கரையோரம் நிறுத்துபவர்கள் பிளக்குக்கு மூடி போட்டு, முனைகளை அடிக்கடி திறந்து பாருங்கள். உப்புக் காற்று செம்பைப் பச்சையாக்க அதிக காலம் எடுக்காது.

பெட்டியின் சொந்தக் குறை சூடு. முழு வேகத்தில் 60 வோட்டுக்கு மேல் வெப்பமாகவே வெளியேறுகிறது. முன்பு சொன்ன 430 வோட் 25 பாகைச் சூட்டில்தான், 40 பாகையில் 360 வோட் தரும். அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் 3 சதவீதம் குறைத்துக்கொள்ளும். கச்சான் காற்று வீசும் மாதங்களில், மூடிய கரவனின் இருக்கைப் பெட்டிக்குள் 50 பாகை ஒன்றும் ஆச்சரியம் இல்லை. அப்போது மிஞ்சுவது 250 வோட், அதாவது 18 அம்பியர் அளவு. நிமிர்த்திப் பூட்டி, மேலும் கீழும் 10 சென்ரிமீற்றர் விட்டு, அந்த அறைக்குக் காற்றுத் துவாரமும் வையுங்கள். இரண்டாவது குறை, ஏறும் மின்னோட்டம் எத்தனை அம்பியர் என்று செயலி காட்டாது. இந்த விலைக்கு அதைத் தராதது எனக்கு ஏற்கவில்லை. நேரோட்ட மின்னை (டிசி) அளக்கும் கிளாம்ப் மீட்டரோ தனிப் பற்றரி மொனிட்டரோ இல்லாமல் இதைப் பூட்ட வேண்டாம். மின்னோட்டத்தைக் குறைத்து அமைக்கவும் முடியாது.

செயலியில் இரண்டு இடங்களைக் கட்டாயம் பாருங்கள். சார்ஜர் என்ற முறையில் இருக்க வேண்டும். பவர் சப்ளை முறையில் விட்டால் என்ஜின் நின்ற பின்னும் மின் இழுபட்டுக்கொண்டே இருக்கும். பற்றரி வகையில் லித்தியத்தைத் தெரிவு செய்தால் ஏற்றும் வோல்ட் 14.2, நிரம்பிய பின் தாங்கி வைக்கும் வோல்ட் 13.5 என்று வரும். ஈய அமிலத்துக்கு 14.4, 13.8.

60 அம்பியர் ஆல்டர்னேட்டர் கொண்ட பழைய வண்டிக்கு 18 அம்பியர் ஓரியனே போதும். ஏசியும் முன்விளக்கும் ஓடும்போது, சந்தி நெரிசலில் என்ஜின் சும்மா ஓடும்போது, 38 அம்பியரை அது தாங்காது. புதிதாக வாங்குபவர்கள், காசு இடம் கொடுத்தால், ஓரியன் எக்ஸ்எஸ் 12/12-50ஐ எடுங்கள். திறன் 98 சதவீதத்துக்கு மேல் என்பதால் சூடு மிகக் குறைவு, அம்பியரைக் காட்டும், 50க்குக் கீழே வேண்டிய அளவுக்கு இறக்கியும் வைக்கலாம். முழு 50ஐயும் ஓடவிடுவதானால் வயர் 25 சதுர மில்லிமீற்றர்.