பல நோய்களோடு வருபவருக்கு உடற்பயிற்சி: எந்தப் படிப்பு நம்மைத் தயார் செய்கிறது?

பயிற்சி மாணவனாக இருந்த நாட்களில் ட்ரெட்மில் பக்கத்தில் நின்ற ஒரு காலை இன்னும் மறக்கவில்லை. நடந்துகொண்டிருந்தவர் 60 வயதைத் தாண்டியவர். இன்சுலின் போடுகிறவர். மாரடைப்பு வந்து போனதால், இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையும் எடுத்துவந்தார். பன்னிரண்டாவது நிமிடம் அவருக்கு நன்றாக வியர்த்தது. இதயத்துடிப்பு 98தான் காட்டியது. "எப்படி இருக்கீங்க ஐயா?" என்றேன். "நல்லாத்தான் இருக்கேன் தம்பி" என்றார். ஆனால் பதில் வர ஒரு நொடி கூடுதலாக ஆனது. துடிப்பு குறைவாகத்தானே இருக்கிறது என்று வேகத்தைக் கூட்டக் கை நீட்டினேன். பின்னால் நின்ற மேற்பார்வையாளர், "வேண்டாம்ப்பா, நிறுத்து. முதல்ல சுகர் பாரு" என்றார். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால், 62.

சுகர் இறங்கும்போது உடல் தரும் எச்சரிக்கைகளில் படபடப்பையும் கை நடுக்கத்தையும் பீட்டா பிளாக்கர் பெருமளவு மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. ஆனால் நடக்கிறவருக்கு வியர்க்கத்தானே செய்யும்? சுகர் பற்றியும் எனக்குத் தெரியும், பீட்டா பிளாக்கர் பற்றியும் தெரியும். இரண்டும் தனித்தனிப் பாடமாக என் தலையில் இருந்தன. அந்த மனிதரின் உடலில் அவை ஒன்றாக இருந்தன.

நோயுள்ளவர்களுக்கு ஏற்ற உடற்பயிற்சியை வகுத்துத் தரும் மருத்துவ உடற்பயிற்சி உடலியல் துறையில் இறங்க நினைப்பவர்கள் எந்த வழியில் படிக்கலாம் என்று கேட்கும்போதெல்லாம் இந்தக் காலைதான் எனக்கு அளவுகோல். அங்கே நின்று நிறுத்தத் தோன்றுமளவுக்கு எந்த வழி நம்மைப் பழக்குகிறது? எனக்குத் தெரிந்து நான்கு வழிகள் உள்ளன. ஃபிட்னஸ் பயிற்சியாளருக்கான குறுகிய காலச் சான்றிதழ் ஒன்று. இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு நீண்ட நேரடிப் பயிற்சி எடுத்து எழுதும் சான்றிதழ்த் தேர்வு இன்னொன்று. மருத்துவப் பயிற்சியோடு கூடிய முதுநிலைப் பட்டம் மூன்றாவது. ஏற்கெனவே பிசியோதெரபி படித்தவர்கள் கூடுதலாகக் கற்றுக்கொண்டு வருவது நான்காவது.

குறுகிய காலப் படிப்பை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். அதில் சொல்லித்தருவது தவறில்லை. இன்சுலின் எடுப்பவருக்குப் பயிற்சிக்கு முன் சுகர் 90க்குக் கீழே இருந்தால் முதலில் மாவுச்சத்து கொடு; 250க்கு மேல் போய், இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது சேரும் கீட்டோனும் இருந்தால் பயிற்சியைத் தள்ளிப்போடு. ஓய்வில் இருக்கும்போதே ரத்த அழுத்தம் 200/110ஐத் தாண்டியிருந்தால் ஆரம்பிக்காதே. எல்லாம் சரியான விதிகள். ஒரே ஒரு நோய், அதுவும் கட்டுக்குள் இருக்கிறது என்றால் இவை போதும்.

ஆனால் பாடம் ஒவ்வொரு நோயாகப் போகிறது, ஆள் அப்படி வருவதில்லை. மூட்டுத் தேய்மானம் உள்ளவருக்கு நீச்சல் குளம் நல்லது என்று ஒரு அத்தியாயம் சொல்லும். அதே ஆளுக்குச் சுகரால் பாதம் மரத்துப்போய், விரலிடுக்கில் ஆறாத புண் இருந்தால் குளம் கூடாது என்று இன்னொரு அத்தியாயம் சொல்லும். சரி, நடக்க வைக்கலாம் என்றால் அந்தப் புண்ணில் எடை விழும். சைக்கிள் மிதிக்க வைக்கலாமா, உட்கார்ந்தபடி கையால் சுழற்றும் பயிற்சி தரலாமா, புண் ஆறும் வரை எவ்வளவு தரலாம்? இந்த இடத்தில் அத்தியாயங்கள் முடிந்துவிடுகின்றன. யாரை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது, யாரை மேலே அனுப்ப வேண்டும் என்று தெளிவாகச் சொல்லித்தரும் குறுகிய படிப்பு நேர்மையானது. எல்லா நோயாளிகளையும் கையாளலாம் என்று விளம்பரம் செய்யும் படிப்பிலிருந்து விலகி நில்லுங்கள்.

அடுத்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1954இல் தொடங்கிய அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி (பெயர்தான் கல்லூரி, உண்மையில் அது ஒரு தொழில்முறை அமைப்பு) தன் மருத்துவ உடற்பயிற்சி உடலியல் சான்றிதழுக்குப் பல ஆண்டுகளாக ஒரு கணக்கு வைத்திருந்தது: இளநிலைப் பட்டத்தோடு வந்தால் 1,200 மணி நேரம் நேரடிப் பயிற்சி, இதே துறையில் முதுநிலைப் பட்டத்தோடு வந்தால் 600 மணி நேரம். (சேரும் முன் நடப்பு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், இவை மாறக்கூடியவை.) மேலோட்டமாகப் பார்த்தால் முதுநிலைப் படிப்பு 600 மணி நேரத்துக்குச் சமம் என்று அர்த்தம். எனக்கு இந்தச் சமன்பாட்டில் முழு உடன்பாடு இல்லை. வகுப்பறை தருவது வேறு, ஆள் முன்னால் நிற்பது தருவது வேறு. அதிகபட்ச இதயத்துடிப்பைக் கணிக்க 220இல் வயதைக் கழிக்கும் சூத்திரம் பீட்டா பிளாக்கர் எடுப்பவரிடம் ஏன் செல்லாது, அப்போது எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று பயிற்சி செய்பவரே எண்ணில் சொல்லும், 6 முதல் 20 வரையுள்ள போர்க் அளவுகோலை ஏன் கையில் எடுக்கிறோம் என்பதை வகுப்பு விளக்கிவிடும். அதே அளவுகோலைக் காட்டும்போது ஒருவர் நம்மைத் திருப்திப்படுத்த "11" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியை விரல்கள் வெளுக்க இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்க்கும் கண் மணிக்கணக்கில் நின்றால்தான் வரும்.

இன்னொன்றும் உண்டு. எத்தனை மணி நேரம் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள், யாரோடு கழித்த மணி நேரம் என்று யாரும் கேட்பதில்லை. 1,200 மணி நேரத்தையும் ஒரே இதய மறுவாழ்வு மையத்தில் முடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஈசிஜி படிப்பதில் கெட்டிக்காரர்கள். ஆனால் டயாலிசிஸ் செய்துகொள்பவர் வந்து நின்றால், ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையில் பிபி பட்டையைச் சுற்றக் கூடாது என்பதே சட்டென்று நினைவுக்கு வராது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் 88 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது என்ன செய்வது, இடைவெளி விட்டுச் சிறு சிறு தவணையாக நடக்க வைத்தால் மூச்சு எப்படித் தாங்குகிறது என்று அவர்கள் கையால் பார்த்ததில்லை.

இந்த விஷயத்தில் ஆஸ்திரேலிய முறை எனக்குப் பிடிக்கும். அங்கே நான்காண்டுப் பல்கலைக்கழகப் படிப்புக்குள்ளேயே பயிற்சி நேரம் பின்னப்பட்டிருக்கிறது. அங்கீகாரம் பெற்ற உடற்பயிற்சி உடலியலாளர்கள் 2006 முதல் அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். நாள்பட்ட நோய் உள்ளவரைக் குடும்ப மருத்துவரே பரிந்துரைத்து அனுப்புகிறார். ஆண்டுக்கு ஐந்து அமர்வுகள்தான், அதையும் மற்ற துணை மருத்துவச் சேவைகளோடு பங்கிட வேண்டும். குறைவுதான். ஆனால் அந்தக் குறைவே ஒரு பாடம் கற்பிக்கிறது: அடுத்த முறை அவர் வரும்வரை வீட்டில் தானாகச் செய்யும்படி ஐந்தே சந்திப்பில் பழக்கிவிட வேண்டும். வாரம் மூன்று நாள் மையத்துக்கு வருகிறவரை மட்டுமே பார்த்துப் பழகிய மாணவருக்கு இந்தத் திறமை தாமதமாகத்தான் வரும். பிரிட்டனில் 2021இல்தான் இந்தத் துறையினருக்கான பதிவேடு திறந்தது. அங்கே படிக்க நினைப்பவர்கள் தங்கள் முதுநிலைப் படிப்பு அந்தப் பதிவுக்கு வழிவிடுமா என்று முதலில் கேட்டுவிடுவது நல்லது.

பிசியோதெரபி வழியாக வருகிறவர்களுக்கு ஒரு பெரிய சொத்து இருக்கிறது: வார்டு பழக்கம். அறுவை முடிந்த மூன்றாம் நாள் ஆளைக் கட்டிலிலிருந்து எழுப்பியவர்கள் அவர்கள். பக்கவாதம், பார்க்கின்சன், விழும் அபாயம் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இவர்களிடம்தான் அனுப்புவேன். அப்புறம் குறை என்று பார்த்தால், பலருக்குப் பயிற்சியின் அளவைக் கூட்டத் தயக்கம். வலி குறைந்தது, அசைவு வந்தது என்றதும் நிறுத்திவிடுவார்கள். இதய, நுரையீரல் தாங்குதிறனை மாதக்கணக்கில் படிப்படியாக ஏற்றுவது தனிக் கலை. அதற்குச் சுமையைப் படிப்படியாகக் கூட்டிப் பார்க்கும் படிநிலைச் சோதனை நடத்தவும், அதன் முடிவிலிருந்து தீவிரத்தைக் கணக்கிடவும் கூடுதலாகக் கற்க வேண்டும்.

தயக்கம் ஏன் சாதாரண விஷயமில்லை என்பதற்கு 1966இல் டல்லாஸில் நடந்த ஆய்வைச் சொல்வேன். 20 வயதுள்ள ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். அவர்கள் உடல் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு ஏறக்குறைய 27 சதவீதம் சரிந்தது. பிறகு கொடுத்த கடும் பயிற்சியில் அதை மீட்டார்கள். இளைஞர்களுக்கே இந்தக் கதி என்றால், நாலு நோயும் பத்து மாத்திரையுமாக வருகிறவரைப் பயந்துபோய் நாற்காலியில் உட்கார வைத்துக் கையை மட்டும் ஆட்டச் சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்! அதற்காக எல்லோரையும் ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது. நாள்பட்ட களைப்பு நோய் உள்ளவர்களுக்குப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சியைத் தரக் கூடாது என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2021இல் வழிகாட்டுதலையே மாற்றியது. அவர்களுக்கு உழைப்புக்குப் பிறகு உடல்நிலை மோசமாகும். சில சமயம் அது அன்றைக்குத் தெரியாமல் மறுநாள்தான் தெரியும். கூட்டவும் தெரிய வேண்டும், கையைக் கட்டிக்கொள்ளவும் தெரிய வேண்டும்.

என் தேர்வைக் கேட்டால், புதிதாக வருகிறவருக்கு மருத்துவப் பயிற்சியோடு கூடிய முதுநிலைப் படிப்புதான், ஆனால் ஒரு நிபந்தனையோடு: பயிற்சி குறைந்தது மூன்று வேறு வேறு இடங்களில் இருக்க வேண்டும், அதில் ஒன்று இதயம் சாராததாக இருக்க வேண்டும். இளநிலைப் பட்டத்தோடு நீண்ட நேரப் பயிற்சிக்குப் போகிறவருக்கு நல்ல மேற்பார்வையாளர் அமைந்தால் அதுவும் கிட்டத்தட்ட அதே இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்; அமையாவிட்டால் ஒரே தவறை 1,200 மணி நேரம் பழகியதாகிவிடும். பிசியோதெரபிஸ்ட்டுகள் மறுபடி முதலிலிருந்து பட்டம் வாங்க வேண்டியதில்லை, தாங்குதிறன் சோதனையும் பயிற்சி அளவும் சொல்லித்தரும் படிப்பும் ஒரு மறுவாழ்வு மையத்தில் சில மாதங்களும் போதும். ஃபிட்னஸ் பயிற்சியாளருக்குக் குறுகிய படிப்பு முதல் படியாக இருக்கட்டும், பல நோய் உள்ளவரைத் தனியாக எடுத்துக்கொள்வதற்கான உரிமமாக வேண்டாம்.

இரண்டு கல்லூரிகளுக்கு இடையில் தடுமாறினால் பாடத்திட்டத்தை ஒப்பிட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். சென்ற ஆண்டு முடித்த மாணவர் ஒருவரிடம் பேசுங்கள். முதல் மதிப்பீட்டை நீங்களே செய்தீர்களா, பக்கத்தில் நின்று குறிப்பு எடுத்தீர்களா? மருத்துவருக்குக் கடிதம் எழுத விட்டார்களா? இன்றைக்குப் பயிற்சி வேண்டாம் என்று யாரையாவது திருப்பி அனுப்பியிருக்கிறீர்களா, அந்த முடிவை எடுத்தது யார்? பிறகு, நோயாளிகளின் விவரம் நீக்கிய பயிற்சிக் குறிப்பேடு இருந்தால் காட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் பைபாஸ், அடுத்ததிலும் பைபாஸ், அதற்கடுத்ததிலும் பைபாஸ் என்றே போனால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள். சுகர், சிறுநீரகம், மூட்டு, மனச்சோர்வு எல்லாம் ஒரே பெயருக்குக் கீழே எழுதியிருந்து, ஓரத்தில் மேற்பார்வையாளர் சிவப்பு மையில் "ஏன் இந்த வேகம்?" என்று கேட்டிருந்தால் அங்கே சேருங்கள்.